கேஸ்கெட் மாற்றினால் மட்டும் போதாது

மியான்மரின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் யாங்கூனில் எங்கள் பட்டறை வாசலில் நிற்பவை பெரும்பாலும் சூடேறிப்போன வண்டிகள்தான். ஏப்ரல் வெயில் 38 டிகிரியை எட்டும். நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் சாலை முழுவதும் கார்கள். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நெரிசலில் அசையாமல் நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டருக்கு முழுத் துணை அதன் விசிறிதான். பழுதான வண்டி தன்னைக் காட்டிக்கொடுக்கும் காலம் அது.

வருபவற்றில் டொயோட்டா ப்ரோபாக்ஸ் அதிகம். 2011-இல் பழைய காரை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி கிடைக்கும் என்று ஆனபிறகு, ஜப்பானில் ஓடிய வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. டாக்சி ஓட்டுபவர்களுக்கு ப்ரோபாக்ஸ் பிடித்துப்போனதில் வியப்பில்லை: 1.5 லிட்டர் எஞ்சின், பின்னால் சாமான் ஏற்றத் தாராளமான இடம், எங்கும் கிடைக்கும் உதிரிபாகம். ஆனால் இங்கு வருவதற்கு முன் அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. கதவை ஒட்டிய சட்டத்தில் சில சமயம் ஜப்பானிய மொழியில் ஆயில் மாற்றிய தேதி ஒட்டியிருக்கும். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஹெய்செய் 20 என்றால் 2008. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே அந்தத் தேதியைப் படிக்கச் சொல்லித் தந்துவிடுவேன்.

அப்படி வந்த ஒரு டாக்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் எங்கள் தமிழ் ஆள், என்னைவிட மூத்தவர். வேறோர் இடத்தில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் தகடு) மாற்றிச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மறுபடியும் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. “தம்பி, இன்னொரு கேஸ்கெட்டைப் போட்டுக் கொடுங்கள், சாயங்காலம் சவாரிக்குப் போகணும்” என்றார். “அண்ணே, போன கேஸ்கெட் ஏன் போனது என்று தெரியாமல் அடுத்ததைப் போடமாட்டேன்” என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டு அடுப்பைத் தொடும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அவசரப்படவில்லை.

எஞ்சின் முழுக்க ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தோம். குமிழிகள் வந்தன, நிற்கவில்லை. மூடியைப் போட்டுப் பார்த்தால், தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள்ளேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகியது. சிலிண்டருக்குள் எரியும் வாயு தண்ணீருக்குள் புகுகிறது, சந்தேகமே இல்லை. கேஸ்கெட் போய்விட்டது. பல பட்டறைகளில் விசாரணை இதோடு முடிந்துவிடும். என் கணக்கில் இது பாதி வழிகூட இல்லை; கேஸ்கெட் தானாகச் சாவதில்லை, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது.

வடித்த தண்ணீர் செங்காவி நிறத்தில் இருந்தது. துருப்பிடிக்காமல் காக்கும் கூலன்ட் திரவம் என்று ஒரு சொட்டு இல்லை, வெறும் குழாய்த் தண்ணீர். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தோம். இந்த எஞ்சினில் அது 80-லிருந்து 84 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்துக் குதித்தது. துருவேறிய அந்த வால்வு இம்மியும் அசையவில்லை. ரேடியேட்டருக்குப் போகும் வழி அடைபட்டுக் கிடக்கும்போது எத்தனை கேஸ்கெட் போட்டு என்ன பயன்?

“இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு, எடுத்தே விடலாமே” என்றார் அண்ணன். இப்படி எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது, எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எஞ்சினுக்குத் தேவையான சூடு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும். புதியதை வாங்கி மாட்டினோம்.

ஹெட்டைக் கழற்றியபின்தான் இரண்டாவது காரணம் தெரிந்தது. அது அலுமினியம், அதிகச் சூட்டில் வளைந்துவிடும். நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கில், பிறகு மூலைக்கு மூலை குறுக்காக வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. இங்கே 0.15 தகடு நடுவில் தடையில்லாமல் நுழைந்தது. போன முறை இதை அளந்து பார்க்காமலேயே மேலே புதுக் கேஸ்கெட்டை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஹெட் லேத் பட்டறைக்குப் போய்ச் சமமாகி வந்தது.

திரும்பப் பூட்டுவதில்தான் என் மனம் முழுவதும் இருக்கும். போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. தேங்கினால் முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரென்ச் பொய் சொல்லும், பிளாக்கே வெடிக்கவும் கூடும். பத்து போல்ட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் 29 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குவோம். பிறகு ஒவ்வொன்றின் தலையிலும் முன்பக்கமாக வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, அதே வரிசையில் 90 டிகிரி, மறுபடியும் 90 டிகிரி. முடிந்ததும் பத்துப் புள்ளிகளும் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பாமல் நின்றாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பையனை எண்ணச் சொல்லி, நானும் எண்ணினேன்.

கூலன்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றி, விசிறி தானாக ஓடி நிற்பதைப் பார்த்தபின் சாலைக்கு எடுத்தோம். இங்கே 1970 முதல் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஜப்பான் வண்டிக்கோ ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். முன்னே பஸ் இருந்தால் ஓட்டுபவருக்கு எதிர்வரும் வண்டி தெரியாது. இடப்பக்கம் அமர்ந்த பையன் எட்டிப் பார்த்து “வரலாம்” என்ற பிறகே முந்தினேன். முள் நடுவுக்குக் கீழே நின்றது, நெரிசலிலும் ஏறவில்லை.

கழற்றிய பாகங்களை அண்ணன் முன் பரப்பி, எதற்கு எவ்வளவு ஆனது என்று சொன்னேன். அவர் நினைத்ததைவிடக் கூடுதல்தான். தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணித் தந்தார். சாவியைக் கொடுக்கும் முன் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள்; எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும்; திறந்த நொடியில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கை வெந்த ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்றையும் அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லாதவரை சாவியைத் தருவதில்லை.