பெயருக்கு யார் பொறுப்பு? கிளஸ்டர் ஃபைல் சிஸ்டத்தில் டைரக்டரி கேச்சும் லாக்கும்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஆபீஸ்களுக்குப் பொருத்தமான ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு சர்வர், நடுவில் ஒரே ஸ்டோரேஜ், அதன் மேல் ஓசிஎஃப்எஸ்2 அல்லது ஜிஎஃப்எஸ்2, அதாவது ஒரே டிஸ்கைப் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்த விடும் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம். முதல் சர்வர் ஸ்கேன் செய்த ஷிப்பிங் பில்களை ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது சர்வர் அதே ஃபோல்டரை நொடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, வந்த பில்லை எடுத்துப் பதிவு செய்யும். கொஞ்ச நாள் கழித்து ஃபோல்டர் பெருக்கும், இரண்டு பக்கமும் வேலை கூடும். அப்போது ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையை அடித்தால் திரை அப்படியே நிற்கும். சிபியு சும்மா இருக்கும், டிஸ்கில் பெரிய சுமை தெரியாது, நெட்வொர்க்கிலும் நெரிசல் இருக்காது. உடனே பழி ஸ்டோரேஜ் மேல் விழும், புது டிஸ்க் வாங்கச் சொல்வார்கள். புது டிஸ்க் போட்டாலும் இது முழுதாகத் தீராது, ஏனென்றால் அங்கே நடப்பது டேட்டாவுக்கான போட்டி அல்ல, பெயர்களுக்கான போட்டி.

லினக்ஸ் ஒரு பாதையைத் திறக்கும்போது அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஓர் ஐநோட்டோடு, அதாவது அந்த ஃபைலின் விவரப் பதிவோடு, இணைத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அந்த இணைப்புச் சீட்டுக்குப் பெயர் டென்ட்ரி. 64 பிட் கெர்னலில் ஒன்று பொதுவாக 192 பைட். ஒரே மெஷின் என்றால் கவலை இல்லை: யார் ஃபைலை அழித்தாலும் அதே கெர்னல் வழியாகத்தான் அழிக்க வேண்டும், சீட்டும் அங்கேயே கிழிக்கப்பட்டுவிடும். கிளஸ்டரில் அப்படி இல்லை. பக்கத்து நோட் (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட்) ஃபைலை அழித்தது என் நினைவகத்துக்குத் தெரியாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பின்னால் ஒரே குடோன், முன்னால் நான்கு கவுன்ட்டர் உள்ள துணிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பண்டல் எந்த ரேக்கில் என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒரு சீட்டு இருக்கிறது. ஒருவர் பண்டலை நகர்த்தினால் மற்ற மூன்று சீட்டும் பொய்யாகிவிடும். அதை யார், எப்போது அடித்துவிடுவது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் இதற்கு வேறு வேறு பதில் வைத்திருக்கிறது. நீங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியாமல் டியூனிங்கில் இறங்காதீர்கள்.

ஓசிஎஃப்எஸ்2 பெயருக்கே லாக் வைக்கிறது. லாக் என்பது ஒன்றை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று நோட்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமை. ஒரு நோட் ஒரு பெயரை கேச்சில் வைத்திருக்கும் வரை, அந்தப் பெயருக்கான டென்ட்ரி லாக்கைப் படிக்கும் நிலையில், அதாவது பிஆர் நிலையில், பிடித்துக்கொண்டே இருக்கும். எத்தனை நோட் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் பிஆர் வைத்திருக்கலாம். அழிக்க அல்லது பெயர் மாற்ற வரும் நோட் அதே லாக்கைத் தனி உரிமை நிலையில், அதாவது ஈஎக்ஸ் நிலையில், கேட்கும். அந்தக் கோரிக்கை போனதும் மற்ற நோட்களுக்கு ‘நீ தடுக்கிறாய்’ என்று செய்தி வரும். அவை தங்கள் சீட்டைக் கிழித்துவிட்டு லாக்கை விடும். ஈஎக்ஸ் கிடைத்த உடனே அழிக்கும் நோட் அதைத் திருப்பி விட்டுவிடும். அதற்கு லாக் தேவையே இல்லை, மற்றவர்களின் சீட்டு கிழிந்தால் போதும். இந்த முறை 2.6.19 கெர்னலில், 2006இல் வந்தது. அதற்கு முன் எல்லா நோட்டிடமும் ஓட்டுக் கேட்கும் முறை இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அந்த லாக்கின் பெயரில் ஃபைல் பெயர் இல்லை. தாய் டைரக்டரியின் பிளாக் எண்ணும் ஐநோட் எண்ணும்தான் இருக்கின்றன. அதனால் ஒரே டைரக்டரியில் ஒரே ஃபைலுக்கு இரண்டு ஹார்ட்லிங்க், அதாவது இரண்டு பெயர், இருந்தால் இரண்டுக்கும் ஒரே லாக். ஒன்றை அழித்தால் மற்றொன்றின் சீட்டும் பக்கத்து நோட்டில் போய்விடும். தப்பு எதுவும் நடக்காது, அடுத்த தடவை மறுபடி தேட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஹார்ட்லிங்க்கை நம்பி பேக்கப் சுழற்சி வைத்திருப்பவர்களுக்கு இது செலவு.

ஜிஎஃப்எஸ்2 பெயருக்கென்று தனி லாக் வைப்பதில்லை. கேச்சில் உள்ள பெயரைத் தொடும்போதெல்லாம் தாய் டைரக்டரியின் கிளாக்கை (glock, ஜிஎஃப்எஸ்2 தன் கிளஸ்டர் லாக்குக்கு வைத்த பெயர்) பகிர்வு நிலையில் எடுத்து, நினைவகத்தில் இருக்கும் டைரக்டரி பிளாக்குகளில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ‘செல்லும்’ என்கிறது. கிளாக் ஏற்கெனவே இந்த நோட்டிடம் இருந்தால் இது மலிவு. பக்கத்து நோட் அந்த டைரக்டரியில் ஒரு ஃபைலை உருவாக்கியிருந்தால், கிளாக்கைத் திரும்ப வாங்க வேண்டும், டைரக்டரி பிளாக்குகளை டிஸ்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். அதாவது ஓசிஎஃப்எஸ்2இல் ஒரு ஃபைல் சேர்ந்தால் இருக்கிற ஃபைல்களின் சீட்டு அப்படியே செல்லும். ஜிஎஃப்எஸ்2இல் ஒரு ஃபைல் சேர்ந்தால் அந்த டைரக்டரியின் எல்லாச் சீட்டையும் சரிபார்க்க வேண்டும். படிப்பு அதிகம், எழுத்து குறைவு என்றால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் கலந்து நடக்கும் ஃபோல்டரில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் என்எஃப்எஸ் கடிகாரத்தை நம்புகிறது. டைரக்டரி விவரங்களைக் குறைந்தது 30 நொடி, அதிகம் 60 நொடி வரை சரி என்று எடுத்துக்கொள்வது அதன் வழக்கமான அமைப்பு. வேகம் கிடைக்கும், ஆனால் இன்னொரு மெஷின் அழித்த ஃபைல் கொஞ்ச நேரம் இருப்பது போலவே தெரியலாம். லஸ்டர் என்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் ஒரே ஐநோட் லாக்கைப் பல பிட்களாகப் பிரித்து, பெயருக்கு ஒன்று, டைரக்டரி உள்ளடக்கத்துக்கு ஒன்று என்று கொடுக்கிறது. செஃப்எஸ் என்ற இன்னொன்றில் மெட்டாடேட்டா சர்வர், அதாவது பெயர்களையும் விவரங்களையும் நிர்வகிக்கும் சர்வர், கிளையன்டுக்கு லீஸ், அதாவது குறிப்பிட்ட கால அனுமதி, தருகிறது.

இல்லாத பெயர்தான் அதிகம் கவனிக்கப்படாத விஷயம். ‘இந்த ஃபைல் இல்லை’ என்ற பதிலையும் கெர்னல் கேச்சில் வைக்கும், அதை நெகட்டிவ் டென்ட்ரி என்பார்கள். இல்லாத ஃபைலுக்கு ஐநோட் கிடையாது, ஆகவே ஓசிஎஃப்எஸ்2 அதற்கு டென்ட்ரி லாக்கும் வைக்க முடியாது. அதற்குப் பதில் தாய் டைரக்டரியில் ஒரு தலைமுறை எண் வைத்திருக்கிறது. டைரக்டரியின் லாக்கை இன்னொரு நோட்டுக்காக இறக்கும்போதெல்லாம் அந்த எண் ஒன்று கூடும். நெகட்டிவ் டென்ட்ரியில் குறித்த எண்ணும் இப்போதைய எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் ‘இல்லை’ செல்லும். அழகான ஏற்பாடு, ஆனால் ஒரே ஒரு புது ஃபைல் வந்தாலும் அந்த டைரக்டரியின் எல்லா ‘இல்லை’யும் ஒன்றாகச் செல்லாமல் போகும்.

இப்போது அந்த ஷிப்பிங் பில் ஃபோல்டருக்கு வருவோம். இரண்டாவது சர்வர் ‘முடிந்தது’ என்ற அடையாள ஃபைல் வந்ததா என்று பார்க்கிறது. இல்லை. ‘இல்லை’யை கேச் செய்துகொள்கிறது. முதல் சர்வர் வேறொரு பில்லை உருவாக்க டைரக்டரிக்கு ஈஎக்ஸ் கேட்கிறது. இரண்டாவது தன் பிஆரை விடுகிறது, எண் கூடுகிறது. அடுத்த நொடி இரண்டாவது மறுபடி பார்க்கிறது: எண் பொருந்தவில்லை, உண்மையான தேடல், டைரக்டரிக்குப் பிஆர் வேண்டும். முதல் சர்வர் ஈஎக்ஸிலிருந்து இறங்க வேண்டும், ஆனால் அதன் மாற்றங்கள் ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) இருந்து டிஸ்கில் உரிய இடத்துக்குப் போகாமல் இறங்கக் கூடாது. ஆகவே நினைவகத்திலேயே முடிந்திருக்க வேண்டிய ஒரு கேள்விக்கு, ஒரு நெட்வொர்க் சுற்றும் ஒரு டிஸ்க் எழுத்தும் ஆகிறது. இதை இருபது த்ரெட் செய்தால் எல்எஸ் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும்.

இன்டெக்ஸ் வைத்த டைரக்டரி இதற்குத் தீர்வு என்று நினைப்பவர்கள் உண்டு. ஓசிஎஃப்எஸ்2இல் 2009இலிருந்து இன்டெக்ஸ் உண்டு, ஜிஎஃப்எஸ்2 ஆரம்பத்திலிருந்தே ஹாஷ் முறை. இன்டெக்ஸ் தேடலைத்தான் வேகமாக்கும். லாக் டைரக்டரிக்கு ஒன்றேதான், அதைப் பிரிக்காது.

சரி செய்யும் வழி ஃபோல்டர் அமைப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நோட்டுக்கும் தனி ஃபோல்டர் கொடுங்கள், ஒரு நோட் எழுதும் இடத்தில் இன்னொன்று எழுதவே கூடாது. அதோடு நேரத்தையும் பிரியுங்கள்: முதல் சர்வர் பத்து நிமிடத்துக்கு ஒரு புது ஃபோல்டர் திறக்கட்டும், இரண்டாவது சர்வர் எழுதி மூடிய ஃபோல்டரை மட்டும் படிக்கட்டும். அப்போது ஒவ்வொரு டைரக்டரியின் லாக்கும் எழுதுபவரிடமிருந்து படிப்பவருக்கு ஒரே ஒரு தடவை கை மாறும். ‘வந்துவிட்டதா’ என்பதை ஃபைல் சிஸ்டத்திடம் கேட்காதீர்கள். ஒரு சாக்கெட்டிலோ மெசேஜ் க்யூவிலோ பாதையை அனுப்பிவிடுங்கள். ஃபோல்டரில் மாற்றம் நடந்தால் சொல்லும் ஐநோட்டிஃபை வசதியை வைத்தால் போதுமே என்று கேட்கலாம். அது தன் நோட்டில் நடக்கும் மாற்றத்தை மட்டும்தான் பார்க்கும், பக்கத்து நோட்டில் உருவான ஃபைலுக்குச் சத்தமே வராது.

தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு ரீநேம் செய்யும் பழக்கம் நல்லதுதான். ஆனால் அதை எல்லாரும் பகிரும் ஃபோல்டருக்குள்ளேயே செய்தால் ஒரு ஃபைலுக்கு இரண்டு தடவை ஈஎக்ஸ். ஃபோல்டரையே வேறு ஃபோல்டருக்குள் நகர்த்துவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். இரண்டு ஃபைல் சிஸ்டத்திலும் அதற்கு கிளஸ்டர் முழுமைக்கும் ஒரே ஒரு ரீநேம் லாக்தான் உண்டு. அது இல்லாவிட்டால் இரண்டு நோட் எதிரெதிராக நகர்த்தி, ஒரு ஃபோல்டர் தனக்குள்ளேயே போய்விடும் ஆபத்து இருக்கிறது, அதனால் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். மவுன்ட் செய்யும்போது நோ-ஏடைம் போடுங்கள். படித்த நேரத்தை எழுதவும் எழுதும் லாக் வேண்டும், படிப்பு வேலை எழுத்து வேலையாக மாறிவிடும். ஸ்கிரிப்டில் எல்எஸ்-ஐ மைனஸ் எல் போட்டு ஓட்டாதீர்கள், அது ஒவ்வொரு ஃபைலையும் ஸ்டாட் செய்து, அதாவது அதன் விவரம் கேட்டு, ஒவ்வொரு ஐநோட்டின் லாக்கையும் வாங்கும். வெறும் பெயர் போதுமென்றால் மைனஸ் எஃப். பாதை ஆழமாக இருந்தால் ஒவ்வொரு படியிலும் மறு சரிபார்ப்பு நடக்கும். சாதாரண ஃபைல் சிஸ்டத்தில் கெர்னல் லாக்கே எடுக்காமல் பாதையில் ஓடிவிடும், இந்த இரண்டிலும் அந்த வேக ஓட்டம் சரிபார்ப்பு வந்ததும் நின்று மெதுவான வழிக்கு மாறுகிறது. நீண்ட நேரம் ஓடும் புரோகிராம் டைரக்டரியை ஒரு தடவை திறந்து வைத்துக்கொண்டு, அங்கிருந்தே ஃபைலைத் திறக்கும் ஓப்பன்-அட் அழைப்பைப் பயன்படுத்தினால் மேல் படிகளை மறுபடி மறுபடி ஏற வேண்டியதில்லை.

தேதியும் நேரமும் சேர்ந்த பெயர்களைத் தேடிக்கொண்டே இருந்தால் நெகட்டிவ் டென்ட்ரி குவியும். கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரின் கீழ் உள்ள டென்ட்ரி-ஸ்டேட் ஃபைலில் முதல் எண் மொத்தம், இரண்டாவது பயன்படாமல் இருப்பவை, 5.0 கெர்னலில் இருந்து ஐந்தாவது எண் நெகட்டிவ். அந்த ஐந்தாவது மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு புரோகிராம் இல்லாததைத் தேடி ஓடுகிறது என்று அர்த்தம். கேச்சிலிருந்து வெளியேற்றும் வேகத்தை ஏற்றுவதைவிட அந்தப் புரோகிராமைப் பிடிப்பதே சரி.

தொங்கி நிற்கும்போது பார்க்க வேண்டிய வரிசை இதுதான். முதலில் டி நிலையில், அதாவது இடைமறிக்க முடியாத காத்திருப்பில், நிற்கும் புராசஸ்களைப் பிடித்து, அவற்றின் கெர்னல் ஸ்டாக்கைப் பாருங்கள். அதில் கிளாக்-வெயிட் அல்லது ஓசிஎஃப்எஸ்2 கிளஸ்டர்-லாக் தெரிந்தால் காத்திருப்பது லாக்குக்காக. ஜிஎஃப்எஸ்2 என்றால் கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள கிளாக்ஸ் ஃபைலை எல்லா நோட்டிலும் ஒரே நேரத்தில் நகலெடுங்கள். ஒரு நோட்டில் மட்டும் எடுத்தது உதவாது, யார் தடுக்கிறார் என்பது மற்ற நோட்டில்தான் இருக்கும். அந்த ஃபைலில் லாக்கைச் சொல்லும் ஜி வரியில் 2 என்ற வகை ஐநோட், 5 என்பது திறந்திருக்கும் ஃபைல். அந்த லாக்கைக் கேட்டவரைச் சொல்லும் ஹெச் வரியில் டபிள்யூ கொடி இருந்தால் காத்திருப்பவர், அந்தக் கொடி இல்லாமல் ஹெச் கொடி இருந்தால் பிடித்திருப்பவர். ஜி வரியில் சாய்கோட்டுக்குப் பின் வருவது ஹெக்ஸ் எண்ணில் ஐநோட். ஓசிஎஃப்எஸ்2 என்றால் அதற்கென்றே உள்ள டீபக்எஃப்எஸ்.ஓசிஎஃப்எஸ்2 கருவியின் எஃப்எஸ்-லாக்ஸ் கட்டளையில் மைனஸ் பெரிய பி போட்டால் காத்திருப்பில் உள்ளவை மட்டும் வரும். எம்மில் தொடங்குவது ஐநோட்டின் மெட்டாடேட்டா, என்னில் தொடங்குவது டென்ட்ரி, ஆரில் தொடங்குவது ரீநேம். டிகோட் கட்டளை லாக் பெயரிலிருந்து பிளாக் எண்ணைத் தரும், ஃபைண்ட்பாத் கட்டளை அந்த எண்ணிலிருந்து பாதையைத் தரும். நான்கைந்து தடவை எடுத்தும் ஒரே டைரக்டரி வந்தால் அதுதான்.

எல்லா நோட்டும் ஒரே நேரத்தில் தொங்கி, ஒரு நிமிடம் போல் கழித்துத் தானாக விடுபட்டால் அது போட்டி அல்ல, ஒரு நோட் தொடர்பை இழந்திருக்கிறது. ஓசிஎஃப்எஸ்2இன் வழக்கமான அமைப்பில் டிஸ்க் ஹார்ட்பீட் (தான் உயிரோடு இருப்பதாக நோட் இரண்டு நொடிக்கு ஒரு தடவை டிஸ்கில் எழுதும் குறி) வரம்பு 31, அதில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் 60 நொடி. நெட்வொர்க் வரம்பு 30 நொடி. செத்த நோட் வைத்திருந்த லாக்கை, அதன் ஜர்னலை வேறு நோட் ஓட்டி முடிக்கும் வரை யாருக்கும் கொடுக்க முடியாது. ஜிஎஃப்எஸ்2இல் ஃபென்சிங், அதாவது செத்த நோட்டை வலுக்கட்டாயமாகத் துண்டிப்பது, வெற்றி பெறாவிட்டால் அந்தக் காத்திருப்புக்கு முடிவே இல்லை. காசிமேடு, எண்ணூர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று கனெக்டர் பின்களை அரிக்கும், லிங்க் விட்டு விட்டு வரும். வரம்பைக் கூட்டுவதற்கு முன் ஹார்ட்பீட் போகும் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். ஃபென்சிங் கருவி சர்வரோடு அதே யுபிஎஸ்ஸில் இருந்தால், கரன்ட் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும், அதைப் பிரித்து வையுங்கள்.

இரவு பேக்கப்பும் இதே கதைதான். பேக்கப் ஓடும் நோட் எல்லா ஃபைலையும் தொட்டு, எல்லாவற்றின் லாக்கையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் சர்வர் ஒவ்வொரு ஃபைலையும் எழுதப் போகும்போது அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும். பேக்கப் முடிந்ததும் அந்த நோட்டில் மட்டும் ட்ராப்-கேச்சஸ் என்ற கெர்னல் ஃபைலில் 3 எழுதுங்கள். 2 எழுதினால் டென்ட்ரியும் ஐநோட்டும் மட்டும் போகும், 3 என்றால் ஃபைல் உள்ளடக்கத்தை வைத்திருக்கும் பேஜ் கேச்சும் சேர்ந்து போகும். அதனோடு பிடித்திருந்த லாக்குகளும் விடுபடும். இதை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரானில், பேக்கப் ஸ்கிரிப்டின் கடைசி வரியாகவே வைத்துவிடலாம், மற்ற நோட்களில் வேண்டாம்.