எங்க பெரம்பலூரு
1995ல திருச்சியில இருந்து பிரிஞ்ச மாவட்டம், அதுக்கு முன்னாடி கலெக்டர்கிட்ட மனு குடுக்கணும்னா எங்கப்பா விடிகாலைலயே திருச்சிக்கு பஸ் ஏறுவாரு. அரியலூர் பிரிஞ்சு, சேர்ந்து, மறுபடி 2007ல தனியா போனப்புறம் மிச்சம் நாலே தாலுகா, பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர்.

2011 கணக்கெடுப்புல மொத்த ஜனமே 5,65,223 தான், அப்ப தமிழ்நாட்டுலயே இதான் கம்மி, நூத்துக்கு எண்பது பேருக்கு மேல கிராமத்துல. நகராட்சி ஒன்னே ஒன்னு, ஊராட்சி மட்டும் 121!

2021ல எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போச்சு, சின்ன வெங்காயம் போட்ட வீட்டுப் பசங்கல்லாம் திருப்பூரு, சிங்கப்பூருன்னு போயிட்டாங்க, ஊர்ல வயசானவங்கதான் ஜாஸ்தி, அவங்கள சரியா எண்ணாம பஸ்ஸும் டாக்டரும் எத்தனை வேணும்னு எப்படிங்க முடிவு பண்றது? கணக்கெடுக்க வர்றப்போ தயவுசெஞ்சு ஒருத்தர விடாம சொல்லுங்க.