ஐபோன் 7-இல் மட்டும் வெள்ளைப் பக்கம்: (?<= படுத்திய பாடு

ஒரு டியூஷன் சென்டருக்காக நாங்கள் பராமரிக்கும் தளம் அது. ஆசிரியர்கள் போடும் அறிவிப்புகளைப் பெற்றோர்கள் போனில் படிப்பார்கள். வழக்கமான மாதாந்திர அப்டேட் போன பிறகு சிலரிடமிருந்து ஒரே புகார்: பக்கம் திறந்தால் வெள்ளையாக நிற்கிறது. “சஃபாரில வரலைன்னு குரோம்லயும் போட்டுப் பார்த்தேன் சார், அதுலயும் அப்படியேதான் இருக்கு” என்றார் ஓர் அம்மா. எங்களிடம் இருந்த குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு போன்கள், புது ஐபோன் எல்லாவற்றிலும் தளம் ஒழுங்காக ஓடியது.

அந்த அம்மா குரோமையும் சேர்த்துச் சொன்னதுதான் முதல் துப்பு. அவரிடம் இருந்தது ஐபோன் 7, ஐஓஎஸ் 15. அதில் குரோம் போட்டாலும் ஃபயர்பாக்ஸ் போட்டாலும் உள்ளே பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். அதனால் பிரௌசர் பெயரை விட்டுவிட்டு எஞ்சின் எது, எந்தப் பதிப்பு என்று பார்க்க ஆரம்பித்தோம். புகார் சொன்ன மற்றவர்களும் ஐஓஎஸ் 15-இலேயே இருந்தார்கள். 2016-இல் வந்த ஐபோன் 7-க்கு 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டில் குரோமைப் பிளே ஸ்டோரில் தனியாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஐபோனில் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் சஃபாரி வளரும். ஐஓஎஸ் நின்ற இடத்தில் அதுவும் நின்றுவிடும்.

அந்தப் போனைக் கையில் வாங்கி மேக்கில் இணைத்து, பக்கத்தின் பிழைகளைக் காட்டும் வெப் இன்ஸ்பெக்டரில் பார்ப்பதுதான் நேர்வழி. பெற்றோரிடம் போய்ப் போனைக் கேட்க முடியுமா? பிரௌசர் சோதனைக் கருவியான பிளேரைட்டுடன் வரும் வெப்கிட்டை ஓட்டிப் பார்த்தோம், அது புதிய வெப்கிட் என்பதால் பிழையே வரவில்லை. அப்புறம் பக்கத்தின் தலைப்பகுதியில், மற்ற எல்லா ஸ்கிரிப்டுக்கும் முன்னால், ஒரு சின்ன பிழைப்பிடிப்பானை வைத்தோம். பிழை நேர்ந்தால் பிரௌசர் அழைக்கும் விண்டோ ஆன்எரரில் எது வந்தாலும் எங்கள் சர்வருக்கு அனுப்பும், அவ்வளவுதான். இதைப் பழைய பாணி ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிழையைப் பிடிக்க வைத்ததே பழைய போனில் ஓடாது.

வந்த முதல் செய்தி ‘ஸ்கிரிப்ட் எரர்’ என்ற இரண்டே சொல். வரி எண் பூஜ்யம், கோப்பின் பெயர் இல்லை. எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வேறொரு டொமைனில் இருக்கும் சிடிஎன்னிலிருந்து (கோப்புகளை வேகமாகத் தரும் சர்வர் வலையமைப்பு) வருகிறது. அப்படி வேறு டொமைனிலிருந்து வரும் ஸ்கிரிப்டின் பிழை விவரங்களைப் பிரௌசர் பாதுகாப்புக்காக மறைத்துவிடும். ஸ்கிரிப்ட் டேக்கில் கிராஸ்ஆரிஜின் பண்பைச் சேர்த்து, சிடிஎன்னில் வேற்று டொமைனுக்கு அனுமதி தரும் கார்ஸ் ஹெடரையும் போட்ட பிறகுதான் உண்மையான செய்தி வந்தது: ‘சின்டாக்ஸ் எரர்: இன்வேலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்: இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்’.

இந்தச் செய்தியை முதல்முறை பார்ப்பவருக்குத் தலைகால் புரியாது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்க எழுதும் குறிதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். அதில் ‘லுக்பிஹைண்ட்’ என்று ஒன்று உண்டு. (?<=₹) என்று எழுதினால், ₹ குறிக்கு அடுத்து வருவதை மட்டும் பிடி, ₹ குறியை விட்டுவிடு என்று பொருள். 2018 ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் இது சேர்ந்தது. குரோமில் 2017-லேயே 62-ஆம் பதிப்பில் வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸில் 2020-இல் 78-ஆம் பதிப்பில். சஃபாரியில் 2023 மார்ச்சில், 16.4-இல்தான் வந்தது. பழைய சஃபாரிக்கு (?< என்ற தொடக்கம் மட்டும் தெரியும், பிடித்த பகுதிக்குப் பெயர் வைக்கும் ‘பெயரிட்ட குழு’வும் அப்படித்தானே தொடங்குகிறது. அதனால் அடுத்து ஒரு பெயரை எதிர்பார்க்கிறது. அங்கே சமக்குறி நிற்பதைப் பார்த்து, குழுவின் பெயர் தவறு என்கிறது.

வரி ஓடும்போது வரும் பிழையாக இருந்தால் அந்த ஒரு வேலை மட்டும் கெட்டிருக்கும். ரெஜெக்ஸை நேராகக் கோடில் எழுதியிருந்தால் கோப்பைப் படிக்கும்போதே பிழை விழும். பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் டிரை கேட்ச் போட்டும் பயனில்லை, கோப்பில் ஒரு வரிகூட ஓடாது. எங்கள் கோடும் எல்லா லைப்ரரியும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருந்ததால் மொத்தப் பக்கமும் போய்விட்டது.

கட்டிய கோப்பு முழுக்க ஒரே வரி, வரி எண்ணால் என்ன லாபம்? (?<= என்பதையும் அதன் எதிர்மறை வடிவமான (?<! என்பதையும் அதில் தேடினோம். மின்னஞ்சல் முகவரிகளைத் தானாக இணைப்பாக்கும் ஒரு துண்டில் மாட்டியது. லைப்ரரிகளை நிறுவும் என்பிஎம்மின் பட்டியலைப் பார்த்தால், அறிவிப்பு எழுத்தைப் பக்கமாக்க நாங்கள் நிறுவிய மார்க்டவுன் லைப்ரரி இழுத்து வந்த இன்னொன்று, அது இழுத்து வந்த மற்றொன்று. அதன் பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. சிறு திருத்தம் என்று அறிவித்துவிட்டு, ஒரு தலைமுறைப் போன்களையே வெளியே நிறுத்தும் மாற்றத்தை உள்ளே வைப்பது எனக்கு ஒப்பவே இல்லை. அதை நம்பித்தான் மற்றவர்கள் அப்டேட் போடுகிறார்கள்.

புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பாணிக்கு மாற்றும் பேபல் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார். பெயரிட்ட குழுக்களைப் பேபல் மாற்றித் தரும், லுக்பிஹைண்டை மாற்றாது. பழைய பிரௌசரில் இல்லாத வசதியை நிரப்பும் பாலிஃபில்லும் உதவாது. எனவே பேக்கேஜ் கோப்பின் ஓவர்ரைட்ஸ் பகுதியில் அந்தக் கடைசி லைப்ரரியைப் பழைய பதிப்பில் நிறுத்தி, பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பைப் புதுப்பித்து, மறுபடி கட்டினோம். ஐபோன் 7-இல் பக்கம் வந்துவிட்டது.

பக்கம் வந்ததும் இன்னொன்று வெளியே தெரிந்தது. அறிவிப்புகளின் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்வேலிட் டேட்’. சர்வர் 2024-03-15 17:30:00 என்ற வடிவில் தேதியை அனுப்புகிறது. தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் வெற்றிடம் விட்டால் குரோம் ஏற்கும், அந்தச் சஃபாரி ஏற்காது. இரண்டையும் குறை சொல்ல முடியாது, நடுவில் ‘டி’ எழுத்து உள்ள வடிவத்துக்குத்தான் தரம் உத்தரவாதம் தருகிறது. ‘டி’ மட்டும் சேர்த்தால் பார்ப்பவரின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், துபாயில் இருக்கும் அப்பாவுக்கு வகுப்பு நேரம் தவறாகத் தெரியும். அதனால் சர்வரிலேயே கடைசியில் +05:30 சேர்த்து அனுப்ப வைத்தோம்.

இப்போது கட்டி முடித்த கோப்பில் அந்த இரண்டு குறிகளில் எது இருந்தாலும் பில்ட் நின்றுவிடும்படி ஒரு வரிச் சோதனை போட்டிருக்கிறோம். லைப்ரரியின் பராமரிப்பாளர்களுக்கு லுக்பிஹைண்ட் இல்லாத மாற்று ரெஜெக்ஸையும் எழுதி அனுப்பினேன்: முன்னால் வரும் எழுத்தையும் ஒரு குழுவில் பிடித்து, மாற்றும்போது அதைத் திரும்ப வைத்துவிட வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வரை ஓவர்ரைட்ஸ் வரி அப்படியே இருக்கும், அதை ஏன் போட்டோம் என்பதைப் பக்கத்திலிருக்கும் ரீட்மீயில் எழுதியும் வைத்திருக்கிறேன்.