வெள்ளித் தெனாரியஸில் நிற்கும் தெய்வம் எது?

தெனாரியஸ் என்பது பழைய உரோமரின் வெள்ளிக்காசு. தேய்ந்த தெனாரியஸில் முகத்தைப் பார்த்துத் தெய்வத்தைச் சொல்ல முடியாது. பேரரசர் காலக் காசுகளில் தலைப்பக்கம் பெரும்பாலும் பேரரசருடையது. தெய்வம் மறுபக்கத்தில், சுமார் 18 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் நிற்கும். ஆகவே கையைப் பாருங்கள். வேலைக் கண்டு முருகனை அறிவதுபோலத்தான் இதுவும். இடியேறு பிடித்தவர் ஜுபிட்டர். தலைக்கவசமும் ஈட்டியும் கேடயமுமாக நிற்கும் பெண் மினெர்வா. காலடியில் மயில் என்றால் ஜூனோ.

சுக்கான் பிடித்தவள் நற்பேற்றுத் தெய்வம் போர்த்துனா. அதன் அகன்ற அடி தேய்ந்தால் வெறும் கோலாகத் தெரியும். கோல் சரிந்து தரையில் ஊன்றியிருந்தால் முதலில் அவளையே நினையுங்கள். கூடச் சிக்கல் தருவது தராசு. நேர்மைத் தெய்வம் ஈக்விட்டாஸ், நாணயத் தெய்வம் மொனேட்டா இருவருக்குமே ஒரு கையில் தராசு, மறுகையில் வளக்கொம்பு. சுற்றெழுத்தை, அதாவது விளிம்போரமாக ஓடும் எழுத்தை, வாசிக்காமல் பிரிக்க முடியாது. விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து, காசை மெல்லச் சுற்றுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

எழுத்தும் உதவாத இடம் உண்டு. தென்னிந்தியாவில் நிறையக் கிடைத்த பேரரசர் திபேரியஸின் காசில், கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அமைதித் தெய்வம் பாக்ஸா, பேரரசரின் தாய் லிவியாவா? சுற்றெழுத்து பேரரசரின் பட்டத்தை மட்டுமே சொல்கிறது. இரு பெயரையும் எழுதிவைப்பதே நேர்மை.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் உரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் இலங்கையில் கிடைப்பவை மிகப் பெரும்பாலும் பிற்காலச் செப்புக்காசுகள், வெள்ளி அரிது. நிலத்தில் கண்டெடுத்தால் கழுவாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். புளியும் சாம்பலும் வேண்டவே வேண்டாம். புளி, வெள்ளியோடு கலந்த செம்பை அரிக்கும். சாம்பல், மிஞ்சியிருக்கும் உருவத்தையும் தேய்த்துவிடும்.

வெவ்வேறு தலைகள் பொறித்திருந்தும் தெனாரியஸ்கள் ஒரே எடையாக இருந்ததை இலங்கை மன்னன் வியந்தான் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்த எடை ஏறத்தாழ 3.9 கிராம், உரோம இறாத்தலுக்கு 84 காசு. கி.பி. 64இல் பேரரசர் நீரோ அதை 96 ஆக்க, காசு 3.4 கிராமுக்கு இறங்கியது.

எடை சரியென்றாலும் உள்ளே செம்பு இருக்கலாம். நகைக்கடைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசு 3.70 கிராம், தராசு 0.36 காட்டினால், முதலாவதை இரண்டாவதால் வகுக்க அடர்த்தி 10.3, நல்ல வெள்ளி. 0.41 என்றால் 9, செம்புக்குக் கிட்ட. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல காசுக்கும் அடர்த்தி குறைவாகவே வரும். தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். 9 வந்தாலும் எறிந்துவிடாதீர்கள். செம்பின்மேல் வெள்ளி போர்த்திய கள்ளக்காசை உரோமர் காலத்திலேயே அடித்திருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றிப் பொருத்துக்கோடு ஓடினால், உருவத்தின்மேல் நுண்ணிய குழிகள் இருந்தால், அது அச்சில் அடித்ததல்ல, வார்த்த போலி.