எண்ணெய் ஊசிமருந்தும் 0.22 மைக்ரானும்

பெங்களூரு பொம்மசந்திராவில் ஊசிமருந்து தயாரிக்கும் ஆலையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், நல்லெண்ணெயில் கரைத்த ஹார்மோன் மருந்தின் பேட்ச் ஒன்று வடிகட்டும் கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஊசிக்கென்று சுத்திகரித்த நல்லெண்ணெயில் நம் வீட்டு எண்ணெயின் மணமும் அடர்நிறமும் இருக்காது. ஆனால் கொழகொழப்பு அப்படியேதான் இருக்கும். நைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டியும், கீழே இருந்த கலனுக்குள் அது நூலாக இறங்காமல் சொட்டுச் சொட்டாகவே விழுந்தது.

மாட்டியிருந்தது 0.22 மைக்ரான் ஃபில்டர் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்குப் பதில் துளை பெரிதான 0.45 மைக்ரான் ஃபில்டரை மாட்டினால் வேகமாக இறங்குமே என்று கேட்டேன். அருகில் நின்ற மதுரைக்காரரான மூத்த ஆபரேட்டர், "தம்பி, அதுல கிருமி தப்பிச்சுரும். மொதல்ல இந்த ஃபில்டர் காஞ்சிருக்கான்னு பாருங்க" என்றார்.

ஃபில்டர் காயவில்லை. ஃபில்டருக்குள் இருக்கும், நீரை ஈர்க்கும் தன்மையுள்ள மெல்லிய சவ்வான மெம்பிரேனை நீரால் நனைத்துச் சோதித்து, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தபின், யாரோ நைட்ரஜன் ஊதி உலர்த்தாமல் விட்டிருந்தார்கள். நுண்துளைகளில் நின்ற நீரை எண்ணெயால் எளிதில் தள்ள முடியாது; நாங்கள் துளையின் அளவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், தடுத்ததோ ஈரம். உலர்ந்த வேறொரு ஃபில்டரை மாட்டி, கலனைச் சுற்றியுள்ள ஜாக்கெட் எனும் வெளி உறையில் வெந்நீர் ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்கியதும் அது மெல்லிய நூலாக இறங்கத் தொடங்கியது.

0.45 பற்றி அவர் சொன்னதன் வரலாற்றைப் பின்னால் படித்தேன். ஒரு காலத்தில் அதையே கிருமி நீக்கும் ஃபில்டராகக் கொண்டிருந்தார்கள். 1960-களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஃபிரான்செஸ் போமன், மிகச் சிறிய பாக்டீரியா ஒன்று அதைக் கடந்து வருவதைக் கண்டறிந்தார். இன்று பிரெவண்டிமோனாஸ் டிமினுட்டா எனப்படும் அந்த பாக்டீரியாவையே சோதனைக்கு வைத்து, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கோடி என்ற கணக்கில் செலுத்தினாலும் ஒன்றுகூட வெளிவராத ஃபில்டரைத்தான் 0.22 வகை என்று ஏற்கிறார்கள். ஆகவே 0.22 என்பதை ஒவ்வொரு துளையையும் அளந்து எழுதிய விட்டம் என்று கொள்ளக்கூடாது.

எண்ணெய் மருந்தில் இவ்வளவு கவனம் ஏன் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. 121 டிகிரி நீராவி கிருமியைக் கொல்ல ஈரம் வேண்டும்; எண்ணெய்க்குள் அந்த ஈரம் போய்ச் சேராது. 160 டிகிரி உலர் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் வெறும் எண்ணெய் தாங்கும், அதில் கரைந்த பல மருந்துகள் தாங்காது. எண்ணெயில் கிருமி பெருகாது என்பது உண்மைதான், ஆனால் அதன் வித்துகள் சாகாமல் கிடந்து, ஊசி வழியே தசைக்குள் போனபின் விழித்துக்கொள்ளும். அத்தகைய மருந்துகளுக்கு ஃபில்டர்தான் கடைசிக் காவல் என்பதால், அதன் வேலையில் அவசரம் காட்டுவதை இன்றுவரை என்னால் ஏற்க முடிவதில்லை.

அன்று மாலை வடிகட்டி முடித்து, ஃபில்டர் பழுதாகவில்லை என்று உறுதிசெய்ய அதன் பப்பிள் பாயின்ட்டை, அதாவது நனைந்த மெம்பிரேனை வாயு துளைத்துக் குமிழியாக வரும் அழுத்தத்தை, பார்த்தபோது, நீருக்கான அளவைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே குமிழி வந்தது. எண்ணெயின் பரப்பு இழுவிசை நீரைவிடக் குறைவு. அதனால் எண்ணெயில் நனைந்த மெம்பிரேனில் வாயு சீக்கிரமே புகுந்துவிடும். அதே எண்ணெயைக் கொண்டு முன்கூட்டியே நிர்ணயித்திருந்த அளவோடு ஒப்பிட்டோம், தேறியது. மூத்த ஆபரேட்டர் அந்த அளவை இரண்டு முறை வாசித்துப் பார்த்த பிறகே பேட்ச் பதிவேட்டில் எழுதினார்.