ரோலர் ஷாஃப்டுக்கான கீ: உருக்குக் கம்பியிலிருந்து செய்யும் முறை

தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டாரின் விசையைக் கொழுந்து அரைக்கும் ரோலர் வரைக்கும் கொண்டு சேர்க்கும் வழியில் புல்லி, கியர்ச் சக்கரம், கப்ளிங் என்று எத்தனை பாகங்கள் இருந்தாலும், அவை தத்தம் ஷாஃப்டோடு, அதாவது சுழல்தண்டோடு, சேர்ந்து சுழல்வதற்குப் பெரும்பாலும் விரலளவு உள்ள ஓர் உருக்குத் துண்டே காரணமாக இருக்கிறது. பாதி ஷாஃப்டிலும் பாதி சக்கரத்தின் துளையிலுமாக வெட்டிய பள்ளத்தில் அமர்ந்திருக்கும் அந்தத் துண்டைத்தான் பட்டறையில் கீ என்கிறோம். இலங்கை மலைநாட்டின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எங்களிடம் வரும் வேலைகளில் இதைவிடச் சிறிய பொருள் அதிகம் இல்லை. ஆனாலும் இதைவிடக் கவனத்தோடு செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

கடையில் வாங்கிப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புதிய இயந்திரங்களுக்கு அது சரியாகும், ஏனெனில் டின் 6885 என்ற ஜெர்மானியத் தர அளவின்படி 44 முதல் 50 மில்லிமீற்றர் வரையான ஷாஃப்டுக்கு 14 மில்லிமீற்றர் அகலமும் 9 மில்லிமீற்றர் உயரமும், 50க்கு மேல் 58 வரையானதற்கு 16க்கு 10 என்றும் எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. மலைநாட்டின் பழைய ஸ்டோர்களிலோ, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளிலோ, ஆங்கிலேயர் காலத்து இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன, அவற்றின் அளவுகளும் அங்குலத்தில் உள்ளவை. இரண்டு அங்குல ஷாஃப்டுக்கு அரை அங்குலச் சதுரக் கீ, அதாவது 12.7 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீற்றர்க் கீயைப் போட்டால் 0.7 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். 14 மில்லிமீற்றர்க் கீ உள்ளே நுழையவே நுழையாது. அந்த நிலையில் சிலர் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்திவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்க் கம்பியை மிச்சப்படுத்த, எளிதில் மாற்ற முடியாத ஷாஃப்டை வெட்டுவது எனக்குப் பெரும் வருத்தம் தரும் செயல். பள்ளத்துக்கு ஏற்றபடி கீயைத்தான் செய்ய வேண்டும்.

முதலில் கம்பியின் தரத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வேலைக்கு நாங்கள் எடுப்பது ஈஎன் 8 அல்லது சி45 என்ற நடுத்தரக் கார்பன் உருக்கு. முன்னதில் கார்பன் 0.36 முதல் 0.44 சதவீதம் வரையிலும் பின்னதில் 0.42 முதல் 0.50 சதவீதம் வரையிலும் இருக்கும். கட்டட வேலைக்குரிய முறுக்குக் கம்பியைச் சீவிக் கீ செய்வதை நான் ஏற்பதே இல்லை. இன்றைய கட்டடக் கம்பிகளில் பெரும்பாலானவை உற்பத்தியின்போது நீரால் குளிர்விக்கப்பட்டு மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை என்பதால், சதுரமாகச் சீவும்போது அந்தத் தோல் முழுவதும் போய், மிஞ்சுவது மென்மையான நடுப்பகுதிதான். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: செய்து முடித்த கீயை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுக் கடினமாக்குகிறார்கள். அப்படிச் செய்த கீ திடீர்ச் சுமையில் வெடிக்கக்கூடும்; வெடிக்காவிட்டால் தன்னைவிட மென்மையான ஷாஃப்டின் பள்ளத்தைத் தேய்த்துவிடும். தேய வேண்டியதும் உடைய வேண்டியதும் கீயாக இருப்பதே நல்லது, ஏனெனில் அதை அரை நாளில் திரும்பவும் செய்துவிடலாம்.

கீயின்மேல் விழும் சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், பக்கவாட்டுப் பொருத்தத்தை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது விளங்கும். 11 கிலோவாற்று விசை, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் 75 மில்லிமீற்றர் ஷாஃப்டுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு விசை சுமார் 2,334 நியூட்டன் மீற்றர். ஷாஃப்டின் விளிம்பில் அது ஏறத்தாழ 62 கிலோ நியூட்டன், அதாவது ஆறு தொன்னுக்கு மேற்பட்ட பாரம். 20 மில்லிமீற்றர் அகலமும் 12 மில்லிமீற்றர் உயரமும் 100 மில்லிமீற்றர் நீளமும் உள்ள கீயைக் குறுக்கே வெட்ட முயலும் தகைவு, அதாவது பரப்பின் ஓர் அலகில் விழும் விசை, 31 மெகாபாஸ்கல் மட்டுமே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சக்கரத்தின் பக்கம் கீ தொட்டு நிற்கும் உயரம் வெறும் 4.5 மில்லிமீற்றர் என்பதால், அந்தப் பக்கச் சுவரில் அமுக்கம் 138 மெகாபாஸ்கலுக்கு ஏறிவிடுகிறது. அரம் கோணலாகப் போய் நீளத்தில் பாதி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அது 276 ஆகிவிடும். சாதாரண நிலையிலுள்ள ஈஎன் 8 உருக்கு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையே சுமார் 280தான். இது சீராகச் சுழலும்போது உள்ள கணக்கு. ரோலரில் சுமை ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குவதால், சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் கீ பள்ளத்தின் சுவரை இடைவிடாமல் அடித்து, நாளடைவில் அதன் வாயை அகலப்படுத்திவிடும்.

ஆகையால் கம்பியை அறுப்பதற்கு முன்னரே பள்ளத்தை இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து எழுதிக்கொள்கிறேன். ஷாஃப்டின் பள்ளத்துக்கும் சக்கரத்தின் பள்ளத்துக்கும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். பழைய இயந்திரங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. அரை அங்குலக் கீக்கு 16 மில்லிமீற்றர்ச் சதுரக் கம்பியை எடுத்து, நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூட்டி அறுத்து, ஷேப்பரிலோ மில்லிங் இயந்திரத்திலோ வைஸில் கட்டிச் சீவுகிறோம். குளிர்நிலையில் இழுத்த பளபளப்பான கம்பியில் இழுவையின்போது ஏற்பட்ட தகைவு உள்ளே அடங்கியிருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் 3.3 மில்லிமீற்றர் சீவினால் அந்தத் தகைவின் சமநிலை குலைந்து, வைஸிலிருந்து எடுத்தவுடன் துண்டு வளைந்து நிற்கும். எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக எடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. கடைசியில் அரத்துக்காக 0.05 மில்லிமீற்றர் அளவு மட்டும் விட்டுவைக்கிறேன்.

அரம் பிடிக்கும் இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது. பள்ளத்தின் சுவர்களில் நீல மையை மெல்லியதாகத் தடவி, கீயை வைத்து எடுத்தால் தொடும் இடங்கள் மட்டும் நீலமாகத் தெரியும். அவற்றை மட்டும் அரத்தால் தொட்டு, திரும்பவும் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கச் சுவர் முழுவதிலும் மை பரவலாக ஒட்டும் வரைக்கும் இதைத் தொடர்கிறோம். ஷாஃப்டின் பள்ளத்தில் செப்புச் சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் கீ இறங்க வேண்டும். சக்கரமோ எண்ணெய் பூசிய கீயின்மேல் சிரமமின்றி வழுக்கி ஏற வேண்டும். கீயின் மேற்புறம் சக்கரத்தைத் தொடவே கூடாது. 14க்கு 9 அளவில் ஷாஃப்டுப் பள்ளம் 5.5, சக்கரப் பள்ளம் 3.8, கூட்டினால் 9.3 என்று தர அளவிலேயே 0.3 மில்லிமீற்றர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. மேற்புறம் முட்டினால் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, மையம் விலகிச் சுழலும். நீள விளிம்புகள் நான்கையும் அரை மில்லிமீற்றர் அளவு சாய்த்துவிடுவதும் அவசியம். பள்ளத்தின் உள்மூலைகள் சிறிது வளைவாகவே வெட்டப்பட்டிருப்பதால், கூர்மையான விளிம்புள்ள கீ அடி வரைக்கும் இறங்காது.

ஒரு பள்ளம் தேய்ந்து அகன்றும் மற்றது பழைய அளவிலேயும் இருந்தால், கீழ்ப்பாதி அகலமாகவும் மேற்பாதி ஒடுக்கமாகவும் படி வைத்த கீ செய்ய வேண்டும். இரவு முழுவதும் வாடிய கொழுந்து காத்துக்கொண்டிருக்கும்போது, "தம்பி, தகடு ஒன்றை வெட்டி இடையில் வையுங்கள், இன்றைக்கு ஓடினால் போதும்" என்று ஸ்டோர்க்காரர்கள் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வாட வைத்த கொழுந்தை நேரத்தோடு அரைக்காவிட்டால் அது அளவுக்கு மீறி உலர்ந்து தூளின் தரம் கெடும். அதற்குள் அந்த நாளின் முழு உழைப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தத் தகடு சில நாட்களில் நசுங்கி வெளியேறும்போது பள்ளம் முன்னைவிட மோசமாக இருக்கும். இயந்திரங்களின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குச் சூடம் காட்டி இயந்திரத்தை ஓட விடும் ஒவ்வொரு ஸ்டோரிலும், தங்கள் ரோலர்களின் பள்ள அளவுகளை எழுதிய கொப்பி ஒன்றும், அவற்றுக்கேற்பச் சற்றுப் பெரிதாகச் சீவி எண்ணெய்த் தாளில் சுற்றிய கீத் துண்டுகள் சிலவும் இருந்தால், நள்ளிரவில் தகடு தேட வேண்டிய நிலையே வராது. என்னிடம் வேலை கொண்டு வருபவர்களிடமெல்லாம் இதை வேண்டிக்கொண்டே வருகிறேன்.

தலை வைத்த சரிவுக் கீயின் கதை வேறு. அது 100க்கு 1 என்ற சரிவில், பழைய ஆங்கில அளவில் அடிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்ற சரிவில் சீவப்பட்டு, மேலும் கீழும் இறுகியே சக்கரத்தைப் பிடிக்கிறது. எனவே அதில் நீல மையை மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பார்க்க வேண்டும். கழற்றுவதற்காக விடப்படும் அதன் தலை, சுழலும் ஷாஃப்டில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், பக்கத்தில் நிற்பவரின் சாரத்தையோ சேலைத் தலைப்பையோ ஒரு நொடியில் சுற்றி இழுத்துவிடும். விசை கடத்தும் பாகங்களுக்குக் காப்பு இட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தலைக் கீ கேட்டு வருபவர்களிடம் காப்புத் தகட்டுக்கான அளவையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் செய்து, ஒரே பொட்டலமாகவே கொடுத்து அனுப்புகிறேன்.