வீராவுக்கு உரிமம் வாங்கியாச்சு

இன்று என் நாய் வீராவின் கழுத்துப்பட்டையில் உரிம வில்லையை மாட்டினேன். மனசு நிறைந்துவிட்டது.

வெறும் காகித வேலை என்று பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் விண்ணப்பத்தோடு முதலில் கேட்பது வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைத்தான். என்னைக் கேட்டால், உரிமத்தின் உயிரே அதுதான். அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோயிலிருந்து பிழைப்பது அநேகமாக நடக்காது. மனிதர்களுக்கு அது வருவதில் 99 சதவீதம் வரை நாய்களிடமிருந்துதான். பக்கத்து வீட்டுக் குழந்தை வீராவைக் கட்டிக்கொள்ளும்போது எனக்கு இருக்கும் நிம்மதிக்குக் காரணம் அந்த ஊசி.

அப்புறம் மைக்ரோசிப். அரிசி அளவுதான் இருக்கும், தோலுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். அதில் பேட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும், அவ்வளவுதான். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நம் பெயரும் தொலைபேசி எண்ணும் சரியாக இருந்தால்தான் தொலைந்த நாய் வீடு திரும்பும். வீடு மாறினாலோ போன் நம்பர் மாறினாலோ தயவுசெய்து உடனே சொல்லித் திருத்திவிடுங்கள்.

உரிமத்தைப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஊசித் தேதியையும் சேர்த்து நாட்காட்டியில் குறித்துவிட்டேன். வீரா இப்போது என் காலடியில் தூங்குகிறான்.